நேரில் பார்த்தேன்

“சத்தம் போடாதீங்கம்மா. குடும்பம் இருக்கிற இடம் இது.”

“எங்கண்ணன் மட்டும் என்ன, குடும்பம் இல்லாம மரத்துல காய்ச்சாரா?”

ஐந்தாவது மாடியில் மொத்தம் நான்கு வீடுகள். அவற்றில் மூன்றின் கதவுகள், தாழ்ப்பாள் முனகாமல், ஒரு விரற்கடை திறந்துகொண்டன. நான்காவது வீட்டுக்காரர் தன் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கையை நிலையிலும் மறு கையை இடுப்பிலும் வைத்து நின்றிருந்தார். லிஃப்டுகளைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவர் துணை மேலாளர். ‘துணை’ என்ற சொல்லைச் சற்று விழுங்கி, ‘மேலாளர்’ என்பதை மட்டும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்.

எதிரே நின்றவள் ஒரு நர்ஸ். பணி முடிந்து நேராக வந்திருக்கிறாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. பத்தொன்பது நாளுக்கு முன் ஒரு துணிக்கடையின் லிஃப்டுக்குக் கீழே நசுங்கிச் செத்துப்போன ஆய்வாளரின் தங்கை.

“ஸ்விட்ச் ரிப்பேர் பண்ணியாச்சு, நேர்ல பார்த்தேன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அதை நம்பித்தானே குழிக்குள்ள இறங்குனாரு?”

“விஷயம் விசாரணையில இருக்கு. நான் வாயைத் திறக்கக்கூடாது.”

“நீங்க திறக்க வேண்டாம். எங்கண்ணன் தும்மினாக்கூட நேரம் போட்டு எழுதி வெக்கிற ஆளு. அந்த ஸ்விட்ச் வேலை செய்யலைன்னு உங்களுக்கு மூணு தடவை எழுதியிருக்காரு. எல்லாம் ஆபீஸ்ல அவரோட கம்ப்யூட்டர்ல இருக்கு. திங்கக்கிழமை விசாரணைக்காரங்க வந்து அதைத் திறக்கிறாங்க. அப்ப இதே மாதிரி இடுப்புல கை வெச்சுட்டு நில்லுங்க, பார்க்கிறேன்.”

அவள் லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிக்கட்டு வழியாகவே இறங்கினாள். ஐந்து மாடிக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, துணை மேலாளர் அந்த மூன்று கதவிடுக்குகளையும் பொதுவாகப் பார்த்து, “பாவம், அண்ணன் போன துக்கம். இங்க கொஞ்சம்…” என்று நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். கதவுகள் மூடிக்கொண்டன. இரக்கத்தால் இல்லை. காட்சி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். விசாரணைக்காரர்கள் வருவது அவருக்குத் தெரியும். அந்த ஆள் தன் குறிப்புகளுக்கெல்லாம் ஒரு பிரதியைத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தார் என்பதுதான் இந்தச் சண்டையில் கிடைத்த புதுச் செய்தி. சண்டைக்கு வந்தவள் எதிரிக்கு எச்சரிக்கையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கோபக்காரர்களின் கோளாறு அது.

செத்துப்போனவரை அலுவலகத்தில் ‘டார்ச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பகலிலும் இடுப்பில் டார்ச் தொங்கும். லிஃப்ட் ஓடும் கூட்டுக்கு அடியில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு குழி இருக்கும். அதற்குள் இறங்குகிறவர் முதலில் அங்கிருக்கும் சிவப்பு ஸ்விட்சை அமுக்க வேண்டும். அமுக்கினால் லிஃப்ட் அசையாது. துணிக்கடையில் அந்த ஸ்விட்ச் செத்துக் கிடந்தது. டார்ச் எழுதினார், மறுபடி எழுதினார், மூன்றாம் முறையும் எழுதினார். துணை மேலாளர் என்ன செய்தார்? பதினோரு வருடமாகச் செய்துவந்ததையே செய்தார். வேறொரு கட்டடத்துக்கான பழைய சான்றை எடுத்து, காப்பி செய்து, பேஸ்ட் செய்து, பெயரையும் தேதியையும் மாற்றினார். ‘பழுது நீக்கப்பட்டது. நேரில் பார்த்தீர்களா? ஆம்.’ நேரில் போக வெயில், போக்குவரத்து, படிக்கட்டு என்று ஆயிரம் தொல்லை. நாற்காலியில் இருந்தபடியே ஊரிலுள்ள அத்தனை லிஃப்டையும் அவர் நேரில் பார்த்துவிட்டார்.

இதிலும் ஒரு அரைகுறை. பெயரை நான்கு இடத்தில் மாற்றியவர் ஐந்தாவது இடத்தை மறந்துவிட்டார். நாலு மாடித் துணிக்கடைக்கான சான்றின் கடைசிப் பக்கத்தில் ‘ஏழு மாடி மருத்துவமனை’ என்று அப்படியே இருந்தது. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். டார்ச் கடைசிப் பக்கம்வரை படிக்கவில்லை போலிருக்கிறது. மேலாளர்மார் எழுதியதை நம்பும் வியாதி அவருக்கு.

அந்தச் சான்றும் அந்த மூன்று கடிதங்களும் திங்கட்கிழமை டார்ச்சின் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. இருந்தால் வேலை போகும். வேலையோடு நின்றால் அதிர்ஷ்டம், ஜெயிலுக்கும் வழி இருக்கிறது.

சனிக்கிழமை பிற்பகல். மனைவி மருந்துக் கடையில் வேலைக்குப் போயிருந்தாள். ஏழு மணிக்குத்தான் வருவாள். அவளுடைய தம்பி, முப்பத்து நான்கு வயது, நான்கு மாதமாக வேலை இல்லாமல் அக்கா வீட்டில் தங்கியிருப்பவன், கூடத்துச் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். துணை மேலாளர் அறைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அலுவலகத்தில் யாரும் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்பது விதி. வீட்டிலிருந்து ரிமோட்டில் இணைத்து வேலை பார்ப்பதற்காக அத்தனையும் இரவு பகலாக விழித்தே கிடக்கும். செத்தவருடையதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கடவுச்சொல் போட்டுக் கொடுத்தவரே துணை மேலாளர்தான். இரண்டு நிமிடத்தில் டார்ச்சின் திரை அவர் திரைக்குள் வந்து நின்றது. இப்படி இணைத்துவிட்டால் இரண்டு கம்ப்யூட்டருக்கும் கிளிப்போர்டு ஒன்றுதான். அங்கே காப்பி செய்ததை இங்கே பேஸ்ட் செய்யலாம், இங்கே காப்பி செய்ததை அங்கே. நடுவில் யாரோ நின்று, இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பதைப் போல.

டார்ச்சின் திரையில் படம் எதுவும் இல்லை; சாம்பல் நிறம், ஒரே ஒரு ஃபோல்டர். ‘என் குறிப்புகள்’. அதற்குள் எல்லாம் இருந்தன, தேதிவாரியாக, வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை மாதிரி. துணை மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. மொத்த ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்தார். காப்பி இல்லை, கட். இங்கே பேஸ்ட் செய்தால் அங்கே இருக்காது. அப்புறம் இங்கே அழித்துவிட்டால் எங்கேயும் இருக்காது.

பேஸ்ட் செய்தார். ஃபோல்டர் வரவில்லை. பக்கத்தில் திறந்து கிடந்த வெற்றுப் பக்கத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

‘3.14. வந்து சேர்ந்தேன். கீழ்த்தளம். அழைப்புப் பொத்தான் வேலை செய்கிறது. விளக்கு மங்கல்.’

சனியன், என்று நினைத்துக்கொண்டார். சாவதற்கு முன் அந்த ஆள் எதையோ காப்பி செய்து அப்படியே விட்டிருப்பார். அணைக்காத கம்ப்யூட்டர், பத்தொன்பது நாளாக அது கிளிப்போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. நியாயமான விளக்கம். வரியை அழித்தார். அழிக்கும்போது திரையின் ஓரத்தில் மணியைப் பார்த்தார். 3.14. தினமும்தான் 3.14 வருகிறது, அதற்கென்ன.

மறுபடி ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தார். கட். இங்கே வந்து பேஸ்ட்.

‘3.17. இரண்டாம் தளம். கதவு மூடும்போது கீழ்விளிம்பில் உரசல்.’

அவர் விரல் அழிக்கும் பொத்தானின் மேலேயே நின்றது. அறைக்கு வெளியே, கூடத்துக்கு வெளியே, வாசற்கதவுக்கும் வெளியே, இந்தக் கட்டடத்தின் நடுவில் மேலும் கீழுமாக ஓடும் அந்த இருட்டுக் கூட்டில் எங்கோ அடியில், லிஃப்டின் கதவு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது, அதன் வாலில் தகரத்தைத் தகரத்தால் மெதுவாகச் சுரண்டுவதுபோல ஒரு இழுப்பும் இருந்தது. ஒன்பது வருடமாக அவர் இந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறார். அந்த உரசலை இதற்குமுன் கேட்டதில்லை. கேட்டிருக்க வாய்ப்புமில்லை, லிஃப்டைப் பற்றிச் சான்று எழுதுகிறவருக்கு லிஃப்டைக் கவனிக்க நேரம் ஏது.

டார்ச்சின் திரையை உற்றுப் பார்த்தார். அங்கே சுட்டி அசையவில்லை. யாரும் எதையும் தட்டச்சு செய்யவில்லை. பூட்டிய அலுவலகத்தில், குளிர்சாதனம் அணைந்த அறையில், வரிசையாகப் பன்னிரண்டு மேசைகளில் ஜன்னலோர மேசையில் தானாக விழித்திருக்கும் ஒரு பெட்டி. ஃபோல்டர் அங்கேயே இருந்தது. இம்மியும் நகரவில்லை.

அலுவலகக் காவலாளியின் விளையாட்டு என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நர்ஸ்தான் அவனைச் சரிக்கட்டி அங்கே உட்கார வைத்திருக்கிறாள். எவ்வளவு அழகான விளக்கம். காவலாளிக்குத் தன் கைப்பேசியில் தேதி மாற்றவே அடுத்தவர் வேண்டும் என்பதை அவர் அப்போது நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

கிளிப்போர்டு பகிர்வை நிறுத்தினார். அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். எடுத்தார். தன் கம்ப்யூட்டரிலேயே, தன் பக்கத்திலேயே, ‘சோதனை’ என்று ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, அதையே காப்பி செய்து, அதற்குக் கீழேயே பேஸ்ட் செய்தார்.

‘3.21. நான்காம் தளம். கயிற்றில் எண்ணெய் வறட்சி. மேலே ஒரு வீட்டில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.’

அப்போதுதான், தான் மூச்சை விடவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

விட்டார். அறையில் ஒரு வாசனை. பழைய கிரீசும் ஈரச் சிமெண்டும் கலந்த, வெயில் என்றைக்குமே படாத இடத்தின் வாசனை, கதவுக்கடியிலிருந்து வந்ததா, மேசைக்கடியிலிருந்து வந்ததா என்று பிடிபடாமல் கணுக்கால் உயரத்தில் நின்றது. திரைச்சீலை வழியாகப் பிற்பகல் வெளிச்சம் மஞ்சளாக விழுந்துகொண்டுதான் இருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இப்படியொரு சாதாரணமான பிற்பகலில் ஒரு மனிதருக்கு இந்த வாசனை வரும் என்றால் அதற்கு அவர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இணைய வயரைப் பிடுங்கினார். டார்ச்சின் திரை கறுத்து மறைந்தது. அப்பாடா. இனிமேல் இந்த வீட்டுக்கும் அந்த அலுவலகத்துக்கும் நடுவில் எதுவுமில்லை. வயர் கையில் பாம்புக்குட்டி மாதிரி தொங்கியது. சற்று நேரம் அதையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, புண்ணைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில், வெற்றுப் பக்கத்தில் இன்னொரு முறை பேஸ்ட் செய்தார்.

இந்த முறை வரி வரவில்லை. படிவம் வந்தது.

அவர் கம்பெனியின் படிவம்தான். தலைப்பில் ‘விபத்து அறிக்கை’. இடம்: இந்தக் கட்டடம். தேதி: இன்று. நேரம்: காலி. விபத்து நடந்த பகுதி: லிஃப்ட் குழி. சிக்கியவரின் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய பெயர், முதலெழுத்தோடு. வயது நாற்பத்தாறு. பதவி: துணை மேலாளர். ‘துணை’யை விடாமல் போட்டிருந்தது.

வேறொருவராக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார். அலறியிருப்பார். அந்த நர்ஸைக் கூப்பிட்டுக் காலில் விழுந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. துணை மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். பழைய படிவம் ஒன்று எதிரே இருந்தால் அதை என்ன செய்ய வேண்டும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். பதினோரு வருடப் பழக்கம். பெயரை மாற்றினால் போதும், கட்டடமே மாறிவிடும்.

தன் பெயரை அழித்தார். யார் பெயரைப் போடுவது என்று அவர் யோசித்த நேரம் மூன்று விநாடி. கூடத்தில் குறட்டை கேட்டது. நான்கு மாதமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன். பல் துலக்கக் குழாயைத் திறந்தால் மூட மறக்கிறவன். மச்சினன் பெயரைத் தட்டச்சு செய்தார். வயது முப்பத்து நான்கு. பதவி: இல்லை. ஒன்றுவிடாமல் எல்லா இடத்திலும் மாற்றினார். துணிக்கடைக்காரர்களுக்காகக் காட்டாத அக்கறை.

சேமித்தார்.

கூடத்தில் குறட்டை நின்றது.

சோபா கிறீச்சிட்டது. செருப்பைத் தேடும் சத்தம். அறைக் கதவை யாரோ ஒற்றை விரலால் தட்டினார்கள்.

“அத்தான், ஷேவ் பண்ண பிளேடு தீர்ந்துபோச்சு. கீழ கடைக்குப் போறேன். உங்களுக்கு எதுனா வேணுமா?”

‘லிஃப்டுல போகாதே.’ இரண்டே சொல். தொண்டைக்குள் தயாராக வந்து நின்றது. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். வீட்டில் சும்மா இருக்கிறவனுக்குக் கேள்விதானே பொழுதுபோக்கு. அதோடு, போகாமல் இருந்தால் அந்தக் கட்டத்தில் மறுபடி யார் பெயர் வரும்?

“ஒண்ணும் வேண்டாம்,” என்றார் துணை மேலாளர். “மெதுவா வா.”

“குரல் என்னமோ மாதிரி இருக்கு. காய்ச்சலா அத்தான்?”

“இல்லடா. போ.”

வாசற்கதவு மூடிக்கொண்டது. துணை மேலாளர் நாற்காலியிலேயே இருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்பவர்களைப் போல உன்னிப்பாகக் கேட்டார். பொத்தான் அமுக்கும் சத்தம். கயிறு இழுபடும் முனகல். பிறகு எதுவுமில்லை. வாளித் தண்ணீரும் நின்றுவிட்டது.

எதுவுமில்லை.

திரையில் படிவம் இன்னும் மூடவில்லை. கடைசியில் கட்டாயக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் அது மூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

‘நேரில் பார்த்தீர்களா?’

சுட்டி அந்தக் கட்டத்துக்குள் துடித்தது. அவர் யோசிக்கவில்லை. யோசித்து நிரப்புகிற கட்டமா அது. விரல் தானாகப் போய் பேஸ்ட் செய்தது. அன்றைய பிற்பகல் முழுவதிலும் முதல்முறையாக, அவர் என்ன வேண்டுமென்று நினைத்தாரோ அதுவே வந்து விழுந்தது.

‘ஆம்.’

படிவம் மூடிக்கொண்டது.

வெளியே லிஃப்டின் மணி அடித்தது. ஒரு முறை. ஐந்தாவது மாடியில் வந்து நின்றால் அடிக்கும் மணி. கதவு திறக்கும் சத்தம். அதன் கீழ்விளிம்பில் உரசல். பிறகு மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். மூடவில்லை.

எழுந்தார். எழ வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. கால் எழுந்தது. கூடத்தில் சோபா மெத்தை இன்னும் மச்சினனின் உடம்பு வடிவத்தில் குழிந்திருந்தது. வாசற்கதவு. தாழ்ப்பாள். தரை செருப்பில்லாத காலில் சில்லென்றிருந்தது. மற்ற மூன்று வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. திறந்து வேடிக்கை பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் திறப்பதில்லை.

லிஃப்டின் கதவு அகலத் திறந்திருந்தது.

லிஃப்ட் இல்லை.

இருட்டு. கயிறுகள். அவை மெல்ல ஆடின. மேலிருந்தும் காற்று வரவில்லை, கீழிருந்தும் வரவில்லை. ஆனாலும் ஆடின.

பார்க்காதே, என்றது அவருக்குள் எஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச மூளை. உள்ளே போ. கதவைச் சாத்து.

மச்சினன் கீழே கிடக்கிறானா என்று தெரிய வேண்டும். ஒரு பார்வை. அவ்வளவுதான். கிடந்தால் எல்லாம் சரி.

நிலையைப் பிடித்துக்கொண்டார். குனிந்தார்.

கீழே வெளிச்சம் இருந்தது. சின்னது. வட்டமானது. குழியின் தரையில் யாரோ டார்ச்சைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குந்தியிருந்து, தொடையில் எதையோ வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நிதானமாக. ஒரு வரி எழுதி முடித்தார். டார்ச்சை எடுத்தார். மேலே திருப்பினார்.

முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

துணை மேலாளரின் கண்கள் மூட மறுத்தன. இமை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவருடைய வாய் திறந்தது. அவருடைய குரல் இல்லை அது. அவசரமில்லாத, அளந்து பேசும் குரல்.

“தூரம் பதினாறு மீட்டர் நாற்பது.”

கீழே இருந்தது, குழிச் சுவரில் ஏணியாகப் பதித்திருந்த கம்பிகளில் முதலாவதில் கை வைத்தது.

அரை மணி நேரம் கழித்து, கையில் பிளேடு பாக்கெட்டோடு படியேறி வந்த மச்சினன்தான் அவரைப் பார்த்தான். லிஃப்ட் வரவில்லையென்று அவன் அப்போதே படி வழியாக இறங்கிப் போயிருக்கிறான். உயிர் பிழைத்தோம் என்பதே தெரியாமல் விசிலடித்துக்கொண்டு வந்தவன், “அத்தான், என்ன பார்க்கிறீங்க?” என்று கேட்டுத் தோளைத் தொட்டான். பிடித்திழுத்தான், அசையவில்லை. மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் விரல் விரலாக அவரை அந்தக் கதவு நிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அவர்களும் குனிந்து பார்த்தார்கள். குழியில் ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு பந்து. லிஃப்ட் மேலே ஆறாவது மாடியில் பத்திரமாக நின்றிருந்தது.

“பதினாறு மீட்டர் முப்பத்தெட்டு,” என்றார் துணை மேலாளர், தரையைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை விசாரணைக்காரர்கள் டார்ச்சின் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். மூன்று கடிதங்களும் இருந்தன. ஐந்தாவது இடத்தை மாற்ற மறந்த சான்றும் இருந்தது. அதோடு, துணை மேலாளரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பதினோரு வருடச் சான்றுகளும், எதிலிருந்து எதைக் காப்பி செய்தார் என்று தேதிவாரியாக அடுக்கி, அங்கே இருந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், மச்சினன் பெயர் போட்ட அந்த விபத்துப் படிவம். வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடிப் பார்த்தார்கள், அதில் ஒரு ஃபைல்கூட இல்லை. காப்பி இல்லை, கட். சனிக்கிழமை அவரேதான் இணைத்தார் என்று பதிவும் சொன்னது. குற்றத்தைத் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மனம் பேதலித்துப்போனார் என்று அறிக்கையில் எழுதினார்கள். அவரைப் பற்றி யாரும் எழுதியதிலேயே மரியாதையான வாக்கியம் அதுதான். ஆளுக்குச் சுயநினைவு இல்லை என்பதால் ஜெயில் இல்லை. வேலை மட்டும் போயிற்று.

மனைவி எட்டு மாதம் பொறுத்தாள். பிறகு மருந்துக் கடையின் இன்னொரு கிளைக்கு மாற்றல் கேட்டு, வேறு ஊருக்கே போய்விட்டாள். ஒரு மாடிகூட இல்லாத வீடாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாளாம். படிவத்தில் இருந்த பெயரை யாரோ அவளிடம் காட்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. காட்டியது யார் என்று கேட்டால் ஐந்தாவது மாடியில் மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்திக்கொள்கின்றன. மச்சினனுக்கு ஒரு வழியாக வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று, பெண் வேறு யாருமில்லை, டார்ச்சின் தங்கைதான். சாட்சி சொல்லப் போன இடத்தில் பேசிப் பழகியிருக்கிறார்கள். “இந்தக் குடும்பத்துல ஒருத்தராவது படியில நடக்கிறவரா இருக்காரேன்னுதான்,” என்றாளாம் கேட்டவர்களிடம்.

துணை மேலாளரை அவருடைய அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தரைத்தள வீடு. அடியில் மண் மட்டும்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, தன் பாதங்களுக்கு நடுவே குனிந்து பார்த்துக்கொண்டு, அந்த அளந்த குரலில் ஒரு எண்ணைச் சொல்வார். மறுநாள் அதைவிடச் சின்ன எண். முதல் வருடம் மீட்டர் கணக்கு. மூன்றாம் வருடம் சென்டிமீட்டருக்கு இறங்கியது. அக்கா சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை. தையல் வேலை செய்கிறவள், அளவில் அவளை ஏமாற்ற முடியாது. போன மாதம் ஒரு நாள் அவர் “நாற்பத்திரண்டு” என்றார். என்ன தோன்றியதோ, முக்காலிமேல் இருந்த அவருடைய பாதங்களுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து உள்ளங்கால்வரை டேப்பை வைத்துப் பார்த்திருக்கிறாள். சரியாக நாற்பத்திரண்டு.

மறுநாள் அவர் நாற்பத்தொன்று என்றார்.

அன்றைக்கே அவரைக் கட்டிலுக்கு மாற்றி, கட்டில் கால்களுக்கடியில் செங்கல் வைத்தார்கள். எண் கொஞ்சம் கூடியது. இரண்டே நாளில் குறையத் தொடங்கியது. இன்னொரு அடுக்கு வைத்தார்கள். நேற்று ஐந்தாவது அடுக்கு. அதற்கு மேல் அடுக்கினால் கட்டில் நிற்காது. அவர் கட்டில் ஓரத்தில் கவிழ்ந்து, தலையை வெளியே தொங்கவிட்டு, செங்கற்களுக்கு நடுவே இருக்கும் வெறும் தரைக்கும் தன் முகத்துக்கும் இடையில் ஏதோ ஒரு இடத்தில் கண்ணை நிறுத்தி, இமைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்குச் சத்தம் எதற்கு.